முப்பத்தொண்ணாம் கேள்வி

இல்லை சார், நான் சந்தேகப்படுற ஆளே கிடையாது. அதை முதல்லயே சொல்லிடுறேன். இருபத்தாறு வருஷமா வாத்தியார் வேலை பாக்குறவன். கண்ணுல படுறதைப் பாக்குறேன், காதுல விழுறதைக் கேக்குறேன், அவ்வளவுதான். நீங்க கல்வித்துறை ஆள் இல்லையே? இல்லை, மடியில ஃபைல் வச்சிருக்கீங்களேன்னு கேட்டேன். விதைக் கம்பெனியா? சரி சரி. கார்டெல்லாம் எடுக்க வேண்டாம் சார், நான் நம்புறேன். எடுத்துட்டீங்க, காட்டுங்க, சும்மா பாத்துட்டுத் தர்றேன்.

சரி. விதைக் கம்பெனிதான்.

இப்போ முன் சீட்டுல ரெண்டு அம்மா பேசிட்டு இறங்குனாங்களே, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்குறதுன்னு, கேட்டீங்களா? அந்தப் பள்ளிக்கூடம் மார்க் நல்லா வாங்குது, இந்தப் பள்ளிக்கூடம் வாங்கலைன்னு. அந்த மார்க் எப்படி வருதுன்னு யாராவது யோசிக்கிறாங்களா? நான் யோசிச்சேன். யோசிச்சதுதான் வம்பாப் போச்சு. நீங்க அறிமுகம் இல்லாதவர், உங்ககிட்டச் சொன்னா ஒண்ணும் இல்லை.

பள்ளிக்கூடத்துப் பேரு வேண்டாம். ஊர்ப் பேரும் வேண்டாம். ஒரு அரசு நடுநிலைப் பள்ளின்னு வச்சுக்கங்க, ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும். நான் அங்க அறிவியல் வாத்தியார். என் பேரும் இப்போதைக்கு வேண்டாம்.

அடைவுத் தேர்வுன்னு ஒண்ணு வைக்கிறாங்க. எட்டாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு எல்லா ஊர்லயும் ஒரே நாள், ஒரே கேள்வித்தாள். தமிழ், இங்கிலீஷு, கணக்கு, அறிவியல் எல்லாம் கலந்து இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை குடுத்திருப்பான், சரியானதுக்கு நேரா இருக்குற வட்டத்தைக் கறுப்புப் பேனாவால நிரப்பணும். மிஷின் திருத்தும். அந்த மார்க்கை வச்சு, எந்தப் பள்ளிக்கூடம் தேறும், எது தேறாதுன்னு மேல இருக்குறவங்க ஒரு பட்டியல் போடுவாங்க. எங்க ஒன்றியத்துல நாப்பத்திரண்டு பள்ளிக்கூடம். நாங்க நாப்பத்திரண்டாவது. வருஷா வருஷம் அதேதான், அந்த இடத்துக்கு எங்களோட போட்டி போட ஆளே கிடையாது.

அது என் குத்தமா சார்? பிள்ளைங்க அப்படி. நான் சொல்ல வர்ற வருஷம் எட்டாம் வகுப்புல பத்தொம்பது பேரு. அந்தப் பத்தொம்பது பேருக்கும் ஆறாம் வகுப்புலயும் ஏழாம் வகுப்புலயும் நான்தான் வகுப்பு வாத்தியார். இதுங்க மண்டையில ஒண்ணும் ஏறாதுன்னு ஆறாம் வகுப்புலயே எச்.எம். அம்மாகிட்ட எழுதிக் குடுத்துட்டேன், தேதி போட்டு. பழைய அடைவுத் தேர்வுக் கேள்வித்தாளைப் பழக்கத்துக்குக் குடுத்தா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். என்ன கேட்டிருக்கான்னுகூடச் சொல்லாது. ஏதாவது ஒரு வட்டத்தை நிரப்பிட்டு எழுந்திரிங்கன்னு நானே சொல்லியிருக்கேன். நூத்துக்கு இருபத்தஞ்சு வரும். கண்ணை மூடிக்கிட்டுக் குத்துனாலும் நாலுல ஒண்ணு சரியா விழும்ல, அந்த இருபத்தஞ்சு.

போன வருஷத்துக்கு முந்துன வருஷம் ஜூன் மாசம் சுடர்க்கொடின்னு ஒரு பொண்ணு வந்துச்சு. தமிழ் டீச்சர். எங்க தமிழய்யா ரிட்டயர்டு ஆகிட்டாரு, மாத்து ஆள் வரலை, பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டு இதைத் தற்காலிகமா எடுத்தாங்க. ஏப்ரலோட முடிஞ்சுடும். மறு வருஷம் வேணும்னா மறுபடி தீர்மானம் போடணும், போடுறதுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது. இருபத்தெட்டு வயசு இருக்கும். புருஷன் கூட இல்லை, நாலு வயசுல ஒரு பெண் பிள்ளை. இதெல்லாம் நான் போய் விசாரிக்கலை சார், தானா காதுக்கு வந்துச்சு. இந்த வேலையை விட்டா எனக்கு வேற கிடையாதும்மான்னு எச்.எம். அம்மாகிட்டச் சொன்னதும் காதுக்கு வந்துச்சு. வந்த அன்னைக்கே எட்டாம் வகுப்பை எனக்குக் குடுங்கன்னு கேட்டுச்சு. அந்த வகுப்பை யாராவது கேட்டு வாங்குவாங்களா? அங்கேயே எனக்குப் பொறி தட்டிச்சு.

அதுக்கப்புறம் பாருங்க. ஒம்பதரைக்குப் பள்ளிக்கூடம்னா எட்டேகாலுக்கே வந்துடும். பிள்ளைங்களும் வந்துடும். கதவு சாத்தியிருக்கும். ரோட்டுச் சத்தம் கேக்குது, அதான் சாத்துறேன்னு சொல்லுச்சு. அந்த ரோட்டுல ஒரு நாளைக்கு நாலு பஸ். நான் ரெண்டு நாள் ஜன்னலோரமா நின்னு பாத்தேன். என்ன நடக்குதுங்கிறீங்க? ஒண்ணும் நடக்கலை. பிள்ளைங்க வரிசையா எழுந்து வாசிக்குது. பேப்பர்ல வந்ததை, உர மூட்டையில போட்டிருக்குறதை, கல்யாணப் பத்திரிகையை, மாத்திரை அட்டையை. தப்பா வாசிச்சா மறுபடி வாசி. இதை எதுக்கு சார் ரகசியமாச் செய்யணும்?

சுவத்துல ஒரு பட்டியல் ஒட்டி வச்சுச்சு. நாம வாயில சொல்றது ஒரு பக்கம், எழுதுறது இன்னொரு பக்கம். எலைக்கு நேரா இலை, கொடத்துக்கு நேரா குடம், வெளக்குக்கு நேரா விளக்கு. பிள்ளைங்களே வீட்டுல பேசுறதைக் கேட்டுட்டு வந்து சேக்கும். ரெண்டு மாசத்துல அது சுவத்தைத் தாண்டிக் கதவு வரைக்கும் வந்துடுச்சு. ஒரு நாள் நான் உள்ள போய், எனக்கு ஒரு எடம் போடுங்க உக்காரன்னு சொன்னேன். நாகஜோதின்னு ஒரு பிள்ளை, ரெட்டைச் சடை, எழுந்து போய் 'எடம் – இடம்'னு எழுதிட்டு வந்து உக்காருது. மரியாதையைப் பாத்துக்கங்க.

இன்னொண்ணு. அந்தப் பொண்ணு வகுப்புல இருக்கும்போது சந்தைக்கடை மாதிரி சத்தம். நான் நுழைஞ்சா கப்சிப். ஒரு பிள்ளை வாயைத் திறக்காது. எதையோ மறைக்கிறாங்கன்னுதானே அர்த்தம்? ஆறாம் வகுப்புலயும் என்னைப் பாத்தா இப்படித்தான் கப்சிப்னு இருந்துச்சுங்க, அது வேற, அது பயம்.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்னாடி பத்தொம்பது பேருக்கும் கறுப்புப் பேனா வாங்கிக் குடுத்துச்சு. ஏன்னு யோசிங்க. எல்லாப் பேனாவும் ஒரே கம்பெனி, ஒரே மை. விட்டுப்போன வட்டத்தைப் பின்னாடி யார் நிரப்பினாலும் வித்தியாசம் தெரியாது. தேர்வு நடத்த வெளியூர்ப் பயிற்சிக் கல்லூரியிலேருந்துதான் ஆள் வருவாங்க, எங்களை வாசல்ல நிறுத்திடுவாங்க, அது உண்மைதான். ஆனா வந்த ரெண்டு பொண்ணுங்கள்ல ஒண்ணு சுடர்க்கொடியைப் பாத்துச் சிரிச்சுச்சு. நான் பாத்தேன். முன்னப் பின்னத் தெரியாதவங்க எதுக்கு சார் சிரிக்கணும்?

பிப்ரவரியில மார்க் வந்துச்சு. நாங்க மூணாவது.

நாப்பத்திரண்டுல மூணு. எச்.எம். அம்மாவுக்குக் கண்ணுல தண்ணி. மைசூர்பாகு வாங்கி எல்லாருக்கும் குடுத்தாங்க. எனக்குச் சர்க்கரைன்னு சொல்லிட்டேன். எனக்குச் சர்க்கரையெல்லாம் கிடையாது. ஊர்ல வேற போறவன் வர்றவனெல்லாம், என்ன சார், உங்க பிள்ளைங்க கலக்கிடுச்சுங்களாமேன்னு கேக்குறான். உங்க பிள்ளைங்களாம். நான் வச்சிருந்தப்ப அதுங்களை எவனும் அப்படிச் சொல்லலை.

தமிழ்ல மார்க் வந்திருந்தா நான் பேச மாட்டேன் சார். தமிழ் டீச்சர், தமிழ் சொல்லிக் குடுத்துச்சு, வந்துச்சு. கணக்குலயும்ல வந்திருக்கு. அறிவியல்லயும் வந்திருக்கு. அறிவியல் நான் நடத்துறது. நான் நடத்தின பாடத்துல அவ்வளவு மார்க் வராதுன்னு எனக்குத் தெரியாதா? தமிழ் வாசிக்கத் தெரிஞ்சா கணக்கு எப்படி வரும், சொல்லுங்க. நீங்க எதுக்கு ஜன்னலைப் பாக்குறீங்க?

பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் வேலை பூராம் என் தலையில. எந்தக் கேள்விக்கு எத்தனை பிள்ளை எந்த விடை போட்டுச்சுன்னு ஒரு அறிக்கை வரும். யாரும் அதைத் திறந்துகூடப் பாக்க மாட்டாங்க. நான் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு உக்காந்து பாத்தேன். மூணு நாள் பாத்தேன். மாட்டிச்சு.

முப்பத்தொண்ணாம் கேள்வி. சூரியனுக்குப் பக்கத்துலேருந்து எண்ணினா ரெண்டாவது கோள் எது? வெள்ளி. இது ஒரு கேள்வியா? எங்க பிள்ளைங்க பத்தொம்பது பேரும் வியாழன். பத்தொம்பதும், ஒண்ணு தப்பலை. படிக்காத பிள்ளைங்க தப்பாப் போடும், ஒத்துக்கிறேன். ஆனா ஆளுக்கொரு தப்பாப் போடும். இருபத்தாறு வருஷமா தப்பையே பாத்தவன் சார் நான், எனக்குத் தெரியும். பத்தொம்பது பேரு ஒரே தப்பைப் போட்டா யாரோ ஒருத்தர் சொல்லிக் குடுத்திருக்காங்க. சொன்னவங்களுக்கே தப்பாத் தெரிஞ்சிருக்கு. தமிழ் டீச்சருக்குக் கோளைப் பத்தி என்ன தெரியும்? கச்சிதமாப் பொருந்துதா இல்லையா? ரொம்ப நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் எனக்குச் சோறு ருசிச்சுது.

அந்தச் சமயம் பாத்து யாரோ மேலிடத்துக்கு ஒரு பெட்டிஷன் போட்டுட்டாங்க. மொட்டைப் பெட்டிஷன்தான். யாருன்னு யாருக்குத் தெரியும். ஊர்ல எத்தனை பேருக்கு என்னென்ன ஆதங்கம் இருக்கோ. மூணு பக்கம், நல்லா விவரமா, முப்பத்தொண்ணாம் கேள்வியெல்லாம் குறிப்பிட்டு, கறுப்புப் பேனா, சாத்தின கதவு எல்லாம் ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு. டைப் அடிச்ச பொண்ணு ரெண்டு எடத்துல எழுத்தை முழுங்கிட்டா, அதைத் திருத்தி மறுபடி அடிக்க வச்சு... அடிக்க வச்சிருப்பாங்க. யாரோ.

மார்ச் மாசம் ஒரு வியாழக்கிழமை, மாவட்டத்துலேருந்து அதிகாரி ஒருத்தர் வந்தாரு. சிரிக்காத மனுஷன். வந்த உடனே எட்டாம் வகுப்புப் பிள்ளைங்களை மைதானத்துல தள்ளித் தள்ளி உக்கார வச்சு, தான் கொண்டு வந்த புதுக் கேள்வித்தாளைக் குடுத்தாரு. பத்துக் கேள்வி. எங்க யாரையும் கிட்டவே விடலை. அவரே திருத்தினாரு. எட்டு, ஒம்பது, எட்டு, ஏழு, பத்துன்னு வருது. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கணக்குக் கேள்வியை வாசின்னாரு. கடகடன்னு வாசிச்சுச்சு. அதிகாரி முகம் கொஞ்சம் இளகிடுச்சு. எனக்கு மட்டும் உறுத்துச்சு. அவரோட டிரைவர் காலையில அரைமணி நேரம் எங்க குழாயடியில நின்னு தண்ணி குடிச்சாரு. ஒரு மனுஷன் அரைமணி நேரமா தண்ணி குடிப்பான்?

அப்புறம் எல்லாரையும் வகுப்புக்குள்ள வரச் சொன்னாரு. பிள்ளைங்க, எச்.எம். அம்மா, அந்தப் பொண்ணு, நான். பெட்டிஷனைக் கையில பிரிச்சு வச்சுக்கிட்டு, நீங்க எல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைங்கதான், அதுல எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனா ஒரு விஷயம் புரியலைன்னாரு. முப்பத்தொண்ணாம் கேள்விக்குப் பத்தொம்பது பேரும் ஒரே தப்பான விடையை எப்படிப் போட்டீங்க, யார் சொன்னதுன்னு கேட்டாரு. நான் அந்தப் பொண்ணு முகத்தையே பாத்தேன். அதுக்கு ஒண்ணும் விளங்கலை. நடிப்புன்னுதான் நினைச்சேன்.

நாகஜோதி எழுந்துச்சு. யாரும் சொல்லலை சார், மனசுக்குள்ள வாக்கியத்தைச் சொல்லிப் பாத்துத்தான் போட்டோம்னு சொல்லுச்சு. என்ன வாக்கியம், எழுதிக் காட்டுன்னாரு. அது போய்ப் பலகையில அழகா எழுதுச்சு. 'புது விறகைப் பூராம் செல்லையா விற்று, சந்தையில் யூனிபாரம், நெய் வாங்கினான்.' ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல் எழுத்தை எடுத்தா கோள் வரும் சார்னு விளக்குது. பு புதன். பூ பூமி. செ செவ்வாய். ச சனி. யூ யுரேனஸ். நெ நெப்டியூன்.

"ரெண்டு இடத்துல வி வருதேம்மா?"

"முதல் வி வியாழன் சார். ரெண்டாவது வி-க்கு மிச்சம் இருக்குற வெள்ளியைப் போட்டுக்கிட்டோம்."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு சார். அது என் வாக்கியம். நான் வேலைக்குச் சேந்த முதல் வருஷம் உக்காந்து உருவாக்கினது. யு-வுக்குத் தமிழ்ல வார்த்தை கிடைக்காம ஒரு வாரம் அலைஞ்சு யூனிபாரத்தைப் பிடிச்சேன். ஆறாம் வகுப்புல அதுங்களைத் தினம் கத்த வச்சது நான். ஆனா நான் சொன்னது வெறகு. புது வெறகைப் பூராம். வெறகு, வெ, வெள்ளி. அடுத்தது வித்து, வி, வியாழன். சரியாத்தானே இருக்கு? என் வாக்கியத்துல ஒரு குறையும் கிடையாது. இருபத்தாறு வருஷமா ஓடுது. இருபத்தாறு வருஷத்துல ஒரு பிள்ளைகூட வெறகை விறகுன்னு எழுதினது இல்லை.

அதிகாரிக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. சிரிச்சுட்டாரு. அப்புறம் மறுபடி முகத்தை மாத்திக்கிட்டு, இந்த வாக்கியத்தை யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாரு.

நாகஜோதி சாக்பீஸை உருட்டிக்கிட்டு நிக்குது. வாயைத் திறக்கலை. நான் ஜன்னலோரமா நின்னுக்கிட்டு இருக்கேன். பத்தொம்பது பிள்ளைங்க சார், ஒண்ணுகூட என் பக்கம் திரும்பலை. அதுங்க திரும்பியிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு இருந்திருக்காது. எல்லாம் பலகையையே பாக்குது. எச்.எம். அம்மா மட்டும் என்னைப் பாத்தாங்க. பதினோரு வருஷமா பக்கத்து அறையில உக்காந்து அந்த வாக்கியத்தைக் கேட்டவங்க. நான் ஃபேனைப் பாத்தேன்.

"நான்தான் சார்," அப்படின்னுச்சு அந்தப் பொண்ணு. "விறகுன்னு எழுதச் சொன்னது நான்தான்."

பாத்தீங்களா, தானே ஒத்துக்கிச்சு. யாரும் அதட்டலை, மிரட்டலை. தமிழ் டீச்சர் எதுக்கும்மா அறிவியல்ல தலையிட்டீங்கன்னு அதிகாரி கேட்டாரு. தப்புத்தான் சார்னு தலையைக் குனிஞ்சுக்கிச்சு. அவர் எழுதிட்டாரு. தேர்வுல முறைகேடு எதுவும் இல்லை. ஆனா தற்காலிக ஆசிரியர் தனக்குத் தொடர்பில்லாத பாடத்தைப் பிழையாக் கற்பிச்சிருக்கார். அவ்வளவுதான், ரெண்டே வரி.

நான் வாயைத் திறந்திருக்கலாம்னு நீங்க நினைக்கிறீங்க. தெரியுது. முகத்துல எழுதி ஒட்டியிருக்கு. எப்படி சார் திறக்குறது? என்னை யாராவது கேட்டாங்களா? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா இல்லையான்னு இப்போ என்னத்தைச் சொல்றது. எச்.எம். அம்மாவும்தான் வாயைத் திறக்கலை. ரெண்டு நாள் கழிச்சுக் கேட்டேன், நீங்க ஏம்மா ஒண்ணும் சொல்லலைன்னு. நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன் சார்னாங்க. அதோட சரி. இன்னைக்கு வரைக்கும் வேலை விஷயம் தவிர எங்கிட்டப் பேச்சு இல்லை.

அப்புறம் யோசிச்சா, அந்தப் பொண்ணு சொன்னதுலயும் பொய் ஒண்ணும் இல்லையே? விறகுன்னு திருத்தினது யாரு? அதுதானே. அது திருத்தாட்டி பிள்ளைங்க வெள்ளின்னு போட்டிருக்கும். போட்டிருக்குமா? கேள்வியை வாசிக்கத் தெரிஞ்சிருக்காதுன்னு வைங்க, அது வேற கதை.

ஏப்ரல்ல குழு கூடுச்சு. அந்தப் பத்தொம்பது பிள்ளைங்களோட அப்பா அம்மா பூராம் வந்து வெளிய நிக்குறாங்க, இந்த டீச்சரே வேணும்னு. ஆனா அதிகாரி எழுதின ரெண்டு வரி ஃபைல்ல இருக்கே. குறை பதிவாகியிருக்குற ஆளை மறுபடி எடுத்தா நாளைக்கு எங்களைக் கேப்பாங்கன்னு குழுத் தலைவி பயந்துட்டாங்க. தீர்மானம் போடலை.

கடைசி நாள் அந்தப் பொண்ணு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு எங்கிட்டயும் வந்துச்சு. பெண் பிள்ளையைக் கையில பிடிச்சிருந்துச்சு. நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். பிள்ளைங்களுக்கு லீவு விட்டாச்சு, அப்புறம் என்ன பதிவேடுன்னு கேக்காதீங்க, புரட்டிக்கிட்டு இருந்தேன்.

"கனகவேல் சார், நாகஜோதிகிட்ட ஒண்ணும் கேட்டுடாதீங்க. உங்க பேரைச் சொன்னா உங்களுக்கு ஏதாவது ஆகிடுமோன்னுதான் அன்னைக்கு அது பேசாம நின்னுச்சு."

அவ்வளவுதான் சொல்லுச்சு. போயிட்டு வர்றேன் சார்னுட்டுப் போயிடுச்சு. நான் சரிம்மான்னேன். பதிவேட்டுல அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். ரெண்டு வருஷம் அந்தப் பிள்ளைகளைத் தினம் முட்டி போட வச்சவன் நான். எனக்கு ஏதாவது ஆகிடுமோன்னு அதுங்க எதுக்கு நினைக்கணும்? யாரு சொல்லிக் குடுத்துச் செஞ்சதுங்க? இதுல ஏதோ உள்குத்து இருக்குன்னு அன்னைக்கே தோணுச்சு.

அடுத்த வருஷம் எட்டாம் வகுப்பு எங்கிட்ட வந்துச்சு. நான் கேட்டு வாங்கினேன். கதவைச் சாத்தலை, பேனா வாங்கிக் குடுக்கலை, எல்லாம் சட்டப்படி. சுவத்துக்கு வெள்ளை அடிச்சுட்டோம். இந்தப் பிப்ரவரியில மார்க் வந்துச்சு. நாப்பத்திரண்டு. ஆனா சார், நேர்மையா வந்த நாப்பத்திரண்டு. எவனும் ஒரு பெட்டிஷன் போட முடியாது.

அதோட விட்டிருக்கலாம். விட முடியலை. சாப்பிட உக்காந்தா அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்குறது வருது. வகுப்புல பலகைப் பக்கம் திரும்பினா, முதுகுக்குப் பின்னாடி யாரோ ஏதோ எழுதுற மாதிரி இருக்கு. என் சம்சாரம் கேக்குறா, என்னாச்சு உங்களுக்குன்னு. என்னத்தைச் சொல்ல. அசிங்கமா இருக்கு சார். சொல்லிட்டேன், இருக்கு.

குடையுறது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பெட்டிஷன் நான் போட்டதுன்னு அன்னைக்கே அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா? ஆமா, நான்தான். நீங்க முன்னாடியே பிடிச்சிருப்பீங்க, உங்க முழியைப் பாத்தாலே தெரியுது. அதுக்குத் தெரியாம இருந்திருந்தா, சரி, வெகுளி, பக்கத்துல வேலை பாக்குறவர் மாட்டிக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சுன்னு விட்டுடலாம். தெரிஞ்சிருந்தா? தன்னைக் கவுக்கப் பாத்தவன்னு தெரிஞ்சே ஒருத்தி எதுக்கு சார் எனக்காக வேலையை விடணும்? கையில பிள்ளையை வச்சுக்கிட்டு? ஏதாவது ஒரு காரணம் இருக்கணும்ல. ஒரு வருஷமாத் தேடுறேன். எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரு லாபமும் வரலை. காரணம் இல்லாம ஒருத்தர் எதுவும் செய்வாங்களா?

நீங்க டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பேரு காதுல விழுந்துச்சு. அதான் எழுந்து வந்து உங்க பக்கத்துல உக்காந்தேன். அந்தப் பொண்ணு இப்போ அந்த ஊர்லதான் இருக்கு. தனியார் பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைங்களுக்கு டீச்சர். உரக்கடைக்கு எதுத்த மாதிரி பச்சை கேட்டு. நான் மூணு சனிக்கிழமை இதே பஸ்ல வந்துட்டேன். ஸ்டாப் வரும், எழுந்திருப்பேன். பஸ் நிக்கும். ஆள் இறங்கும், ஏறும். அப்புறம் உக்காந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு அப்படியே திரும்பிடுவேன். இந்தக் கண்டக்டர் என்னைப் பாத்தாலே கேக்காம கடைசி ஸ்டாப்புக்குக் கிழிச்சுக் குடுத்துடுறாரு.

அந்தா, தண்ணித் தொட்டி தெரியுது பாருங்க. அடுத்த ஸ்டாப் உங்களுது. நீங்க எப்படியும் உரக்கடைக்குத்தானே போறீங்க. ரெண்டு நிமிஷ வேலை சார். சுடர்க்கொடி டீச்சர்னு கேட்டாக் கூப்பிடுவாங்க. அன்னைக்கே தெரியுமா தெரியாதான்னு மட்டும் கேளுங்க. வேற எதுவும் வேண்டாம், மன்னிப்பு அது இதுன்னெல்லாம் நீங்களா எதையும் சேத்துச் சொல்லிடாதீங்க. இந்தாங்க, என் நம்பர். இல்லை சார், நம்பர் போதும், பக்கத்துல பேரு எழுதாதீங்க. யார் கேக்கச் சொன்னாங்கன்னு அந்தப் பொண்ணு கேக்கும். பஸ்ல யாரோ ஒருத்தர்னு சொல்லிடுங்க.